ஞாயிறு இரவு எட்டரை எண்டா ஆருக்கு எட்டரை? ஒரு இணைய வானொலி அறிவிப்பு பிழைச்ச கதை

போன ஒக்டோபர் மாசத்துக் கடைசி ஞாயிறு, திருகோணமலையில இருந்து போற ஒரு சின்ன இணைய வானொலியில இரவு 8.30க்குத் தொடங்கி 10 மணி வரைக்கும், கரைவலை இழுக்கேக்க பாடுற அம்பாப் பாட்டு நிகழ்ச்சி ஒண்டு போச்சு, அதுக்கு முன்கூட்டியே போஸ்டர் அடிச்சு, வட்ஸ்அப் குரூப் குரூப்பா அனுப்பி, பேஸ்புக்ல திரும்பத் திரும்பப் போட்டு, கன பேர் காத்துக்கொண்டு இருந்த நிகழ்ச்சி. லண்டன், பரிஸ், சுவிஸ் பக்கத்து ஆக்கள் வந்து சேரேக்க அது முடியிற கட்டத்தில நிண்டுது. சரி, அதைத் திருத்துவம் எண்டு அடுத்தநாள் புது அறிவிப்பு போட, அந்தப் புதன்கிழமை ரொறன்ரோ ஆக்கள் ஒரு மணித்தியாலம் முந்தி வந்து, நிகழ்ச்சியக் காணேல்ல எண்டு போயிட்டாங்க.

ஸ்ட்ரீம் ஒருக்காவும் அறுபடேல்ல, கரண்ட் போகேல்ல, மைக் இரையேல்ல, நிகழ்ச்சி நல்லா இருந்துது. பிழைச்சது அறிவிப்பு மட்டும்தான். ஆனா இணைய வானொலிக்கு அறிவிப்பு பிழைச்சா மிச்சம் எல்லாம் சரியா இருந்தும் பிரயோசனம் இல்ல, ஏனெண்டா இப்ப பாட்டுக் கேக்க ஆருக்கும் வானொலி தேவையில்ல, யூடியூப்ல தேடினா எந்தப் பாட்டும் வரும், சனம் வானொலிக்கு வாறது ஒரு குறிப்பிட்ட நேரத்தில ஒரு குறிப்பிட்ட குரலைத் தேடி, தன்னைப் போல வேற ஆக்களும் அதே நேரம் கேட்டுக்கொண்டு இருக்கினம் எண்ட நினைப்போட. அந்த நேரம் பிழைச்சா வேற என்ன இருக்கு?

என்ன நடந்தது எண்டு பாத்துச் சொல்லச் சொல்லி அவங்க கேட்டாங்க, நானும் போஸ்டர்கள், வந்த மெசேஜுகள், சேர்வர் பதிவுகள் எல்லாத்தையும் எடுத்து வச்சுப் பாத்தன். வானொலிட பேரையும் ஆக்கள்ட பேரையும் விட்டிட்டு எழுதுறன், ஏனெண்டா இது ஒரு ஸ்டேசன்ட பிரச்சினை இல்ல, வெளிநாட்டு நேயர்கள நம்பி நடக்கிற எல்லாத் தமிழ் இணைய வானொலிக்கும் வருசத்துக்கு ரெண்டு தரம் வாற பிரச்சினை.

முதல்ல அந்த நிகழ்ச்சியப் பற்றிச் சொல்லோணும், அது தெரியாட்டி இழப்பு விளங்காது. திருகோணமலையில சல்லி எண்ட ஊர்ப் பக்கக் கடற்கரையில கரைவலை இழுக்கிற காலத்தில, அதாவது வாடைக்காத்து தொடங்கி கடல் கொந்தளிக்க முந்தி, ரெண்டு பொடியள் ஒரு சின்ன ரெக்கோடரோட போய் விடியக்காலமை நிண்டு பதிவு செய்திருக்கிறாங்க. கடற்கரையில பதிவு செய்யிறது லேசான வேலை இல்ல, காத்து மைக்கில அடிச்சா வெறும் இரைச்சல்தான் மிஞ்சும், அதுக்கு மைக்கைப் பஞ்சால மூடி, அதுக்கு மேல பழைய பருத்தித் துணியும் சுத்தி, இழுக்கிற ஆக்களுக்குக் காத்துப் படாத பக்கமா நிண்டு பிடிச்சிருக்கிறாங்க. அம்பாவை ஒராள் எடுத்துக் குடுக்க மற்ற ஆக்கள் சேந்து பாடுவாங்க, பாட்டுட வேகம் வலை வாற வேகம், வலையின்ர மடி கரைக்குக் கிட்ட வரவர பாட்டு இறுகும், கடைசியில சொல்லே இல்லாம மூச்சும் சத்தமும் மட்டும் கிடக்கும். அதை ஸ்ரூடியோவில திரும்பப் பாட வச்சுப் பதிவு செய்தா அந்த இறுக்கம் வராது. நான் ஹெட்போன் போட்டுக் கேட்டனான், கயிறு கையில உரசுற சத்தம் கூட அதில இருக்கு.

பாட்டை எடுத்துக் குடுத்தவர் முந்தி மண்டாடியா, அதாவது வலை இழுக்கிற ஆக்களுக்குத் தலைவரா நிண்ட ஒரு வயசான ஐயா. அவர்ட மகன் சுவிஸில. நிகழ்ச்சியில முதல் அரை மணித்தியாலம் ஐயாவ ஸ்ரூடியோவுக்குக் கூப்பிட்டு நேரடியாக் கதைக்க வச்சு, ரெண்டு மூண்டு அம்பாவையும் பாட வச்சாங்க. பிறகு ஒரு மணித்தியாலம் கடற்கரையில எடுத்த பதிவுகள். மகன் போஸ்டரில "சுவிஸ் மாலை 5.00" எண்டு இருக்கிறதப் பாத்து, வீட்டில பிள்ளையளையும் கூட்டி வச்சுக்கொண்டு அஞ்சு மணிக்குத் திறந்திருக்கிறார். அப்ப இங்க மணி ஒன்பதரை. ஐயா பாடி முடிச்சு வீட்டுக்கும் போயிட்டார்.

அண்டிரவு அவர் எடுத்த கோலை ஐயாட மருமகள் எனக்குச் சொன்னா.

"அப்பா, அஞ்சு மணி எண்டுதானே போட்டிருந்தாங்க, நீங்க எப்ப பாடினீங்க?"

"நான் எட்டரைக்கே பாடிட்டன் மகன். நீ கேட்டுக்கொண்டு இருக்கிறாய் எண்டுதான் பாடினன்."

இனி கணக்குக்கு வருவம். இலங்கை நேரம், உலகப் பொது நேரமான யுடிசியோட அஞ்சரை மணித்தியாலம் கூட, வருசம் முழுக்க மாறாது. இரவு 8.30 எண்டா யுடிசி பின்னேரம் 3 மணி. ஐரோப்பாவிலயும் கனடாவிலயும் கோடையில மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வச்சிருப்பாங்க, அந்தக் கோடைகாலக் கணக்கில லண்டன் 4 மணி, சுவிஸும் பரிஸும் 5 மணி, ரொறன்ரோ பகல் 11 மணி. போஸ்டரில போட்டதும் இதுதான், போஸ்டர் அடிச்ச நாளில அது நூற்றுக்கு நூறு சரி. ஆனா ஐரோப்பாவில ஒக்டோபர் கடைசி ஞாயிறு விடியப்புறம், யுடிசி ஒரு மணிக்கு, மணிக்கூடு மாத்திற எல்லா நாட்டிலயும் ஒரேயடியா அதை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பாங்க. நிகழ்ச்சி வச்சதும் அதே ஞாயிறு. அதால லண்டனுக்கு 3 மணி, சுவிஸுக்கு 4 மணி எண்டு மாறிப்போச்சு, ஆனா கனடாவும் அமெரிக்காவும் மாத்திறது அதுக்கு அடுத்த ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. அதால ரொறன்ரோ ஆக்கள் பகல் 11க்குச் சரியா வந்து முழு நிகழ்ச்சியும் கேட்டு நல்லா இருக்கு எண்டு மெசேஜ் போட்டாங்க, அதே நேரம் லண்டன் ஆக்கள் "ஏன் சொல்லாம முந்தித் தொடங்கினீங்க" எண்டு ஏசி மெசேஜ் போட்டாங்க. ரெண்டும் ஒரே குரூப்பில மாறி மாறி வந்து விழ, அட்மின் பிள்ளை எது சரி எண்டு விளங்காம திகைச்சுப் போனா. அவவில ஒரு குற்றமும் இல்ல, இங்க பிறந்து வளந்த ஆருக்கும் மணிக்கூடு தானா மாறும் எண்டு யோசிக்க ஒரு காரணமும் இல்லையே.

அடுத்தநாள் திங்கள் குழு அவசரமாக் கூடி "வெளிநாட்டு நேரம் எல்லாம் ஒரு மணித்தியாலம் குறைஞ்சிட்டு" எண்டு முடிவெடுத்து, அந்தக் கிழமைக்கு இருந்த மற்ற நிகழ்ச்சிகளுக்கு ஒரு புதுப் போஸ்டர் போட்டாங்க. புதன்கிழமை பழைய பாட்டு நேயர் விருப்பம், இலங்கை நேரம் இரவு 8.00. அண்டைக்கு ரொறன்ரோவுக்கு அது காலமை 10.30 தான், இன்னும் மாறேல்ல. புதுப் போஸ்டரில 9.30 எண்டு இருந்துது. அந்த நிகழ்ச்சிக்கு அங்க கேக்கிறது கூடுதலா வீட்டில இருக்கிற அம்மாமார், மத்தியானச் சமையலோட சேத்துப் போனில போட்டுவிட்டுக் கேக்கிற ஆக்கள். 9.30க்குத் திறந்தா வெறும் ஓட்டோ பிளேலிஸ்ட் பாட்டு, அறிவிப்பாளர் இல்ல, தங்கட பேர் வாசிக்கேல்ல. கொஞ்ச நேரம் பாத்திட்டு நிப்பாட்டிட்டாங்க.

ஞாயிறு நடந்ததை விட புதன் நடந்ததுதான் எனக்கு மனசைக் குத்தினது. முதலாவதில ஆக்கள் பிந்தி வந்தாலும் கடைசி அரை மணித்தியாலம் எண்டாலும் கேட்டாங்க, என்ன நடந்தது எண்டு ஏசவாவது ஏசினாங்க. ரெண்டாவதில ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. அந்த அம்மாமார், வானொலிக்காரர் நிகழ்ச்சியையே நிப்பாட்டிட்டாங்க எண்டு நினைச்சுக்கொண்டு பேசாம இருந்திட்டாங்க, அதில ஒரு அம்மா ரெண்டு கிழமை கழிச்சு இங்க இருக்கிற தங்கச்சியாரோட கதைக்கேக்க "இப்ப அந்தப் பழைய பாட்டு வாறேல்லையோ" எண்டு கேட்டதாலதான் விசயமே வெளியில வந்தது.

லொக் பாத்தது எப்படி எண்டும் சொல்லுறன், வேற ஸ்டேசன்காரருக்கு உதவும். இவங்க ஸ்ட்ரீமை அனுப்பப் பாவிக்கிறது ஐஸ்காஸ்ட் எண்ட சேர்வர். அதின்ர அக்சஸ் லொக்ல, அதாவது ஆர் வந்து கேட்டது எண்டு பதியிற பதிவில, ஒவ்வொரு வரியின்ர கடைசியிலயும் அந்த ஆள் எத்தனை செக்கன் தொடர்பில இருந்தார் எண்டு ஒரு எண் இருக்கும், வரி எழுதப்படுறது அவர் விட்டிட்டுப் போகேக்க. அதால வரியில இருக்கிற நேரத்தில இருந்து அந்தச் செக்கனைக் கழிச்சாத்தான் அவர் எப்ப வந்தவர் எண்டு தெரியும், கழிக்காம பாத்தா எல்லாரும் நிகழ்ச்சி முடியேக்கதான் வந்த மாதிரி இருக்கும். இன்னொரு சிக்கல், இவங்கட சேர்வர் இருக்கிறது ஜேர்மனியில, லொக்கில நேரம் அந்த நாட்டுக் கணக்கில பதியுது, அந்த ஞாயிறு விடியப்புறம் சேர்வர்ட மணிக்கூடும் சேந்து மாறிட்டு, யுடிசியோட எத்தனை மணித்தியாலம் கூட எண்டு காட்ட வரிக்குப் பக்கத்தில இருக்கிற +0200 எண்டது +0100 எண்டு ஆகியிருக்கு. அதைக் கவனிக்காம முந்தின கிழமையோட ஒப்பிட்டா முழுக்கப் பிழைச்ச முடிவுதான் வரும். எல்லாத்தையும் யுடிசிக்கு மாத்தி வச்சுப் பாத்தாப் பிறகு படம் தெளிவு: ஐரோப்பிய முகவரிகள் எல்லாம் யுடிசி 4 மணியை ஒட்டித் திரண்டு வந்திருக்கு, கனடா முகவரிகள் 3 மணியை ஒட்டி. புதன்கிழமை கனடா முகவரிகள் ஒரு மணித்தியாலம் முந்தி வந்து, பெரும்பாலும் அஞ்சு பத்து நிமிசத்தில போயிருக்கு.

இவ்வளவு லேசான விசயம் ஏன் முன்கூட்டியே தெரியாமப் போச்சு? எங்கட அறிவிப்புப் பழக்கம் எங்க இருந்து வந்தது எண்டு பாத்தா விளங்கும். எங்கட வீட்டுப் பெரிய ஆக்களுக்கு வானொலி எண்டா இலங்கை வானொலிதான், 1925 டிசம்பர் 16இல கொழும்பில தொடங்கினது, பிறகு ரேடியோ சிலோன், 1967இல இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் எண்டு அந்தக் குரல்களக் கேட்டு வளந்த சனம். காலமை பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி போகேக்க வீட்டில என்ன வேலை நடக்கோணும் எண்டது மணிக்கூடு பாக்காமலே தெரியும். அந்த ஒலிபரப்பைத் தமிழ்நாட்டிலயும் கன பேர் கேட்டாங்க, ஆனா அங்கயும் இங்கயும் அப்ப ஒரே நேரம். அறிவிப்பாளர் "இரவு எட்டு மணிக்கு" எண்டு சொன்னா மதுரையிலயும் எட்டு, மூதூரிலயும் எட்டு. இண்டைக்கு இணைய வானொலியில கதைக்கிற பிள்ளையளும் அதே பாணியில, அதே அழகோட "இரவு எட்டு முப்பதுக்கு எதிர்பாருங்கள்" எண்டு சொல்லுறாங்க, கேக்கிற ஆள் ஒஸ்லோவிலயும் மெல்பேர்ணிலயும் இருக்கிறார்.

நேரம் மாறுறது எங்களுக்குப் புதுசும் இல்ல. 1996 மே 25இல நாட்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வச்சாங்க, அதே வருசம் ஒக்டோபர் 26இல அரை மணித்தியாலம் பின்னுக்கு, 2006 ஏப்ரல் 15இல, சித்திரைப் புதுவருசம் முடிஞ்ச கையோட, திரும்பப் பழைய அஞ்சரைக்கே கொண்டுவந்தாங்க. இடையில புலிகளின்ர கட்டுப்பாட்டுப் பகுதிகள்ல பழைய நேரத்தையே வச்சிருந்தாங்க. அந்தப் பத்து வருசத்தில கலியாண வீட்டு முகூர்த்தம் சொன்னா உடன வாற கேள்வி "பழைய நேரமோ புது நேரமோ" எண்டது. அந்தக் கேள்விய இந்தத் தலைமுறை கேக்கிறேல்ல, கேக்க வேண்டி வரேல்ல. ஆனா லண்டன் நேயருக்கு அறிவிக்கேக்க அதே கேள்வியத்தான் கேக்கோணும்.

இதைவிட முக்கியமா ஒண்டு இருக்கு. நிலாவெளிக்கு அங்கால ஜேர்மன் வானொலியான டொய்ச்ச வெலே 1980கள்ல ஒரு அஞ்சல் ஒலிபரப்பு நிலையம், அதாவது தங்கட ஒலிபரப்பை வாங்கித் திரும்ப அனுப்புற நிலையம் கட்டினது, 2013இல அதை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திட்டக் குடுத்திட்டாங்க. அங்க இருந்த பெரிய அன்ரனாக்கள் வழியா ஆசியாவுக்கும் அங்காலயும் சிற்றலை போச்சு. சிற்றலை ஒலிபரப்பு உலகத்தில வருசத்துக்கு ரெண்டு பருவம், ஒண்டு மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கும், மற்றது ஒக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்கும், ஒவ்வொரு பருவத்துக்கும் புது நேர அட்டவணை, புது அலைவரிசை, எல்லா நேரமும் யுடிசியில. அதே ஒக்டோபர் கடைசி ஞாயிறுதான். உலக வானொலிக்காரர் எல்லாரும் அட்டவணை மாத்திற அதே நாளில மாத்தாத போஸ்டரோட எங்கட பிள்ளையள் நிகழ்ச்சி வச்சிருக்கிறாங்க. எங்கட ஊர் மண்ணிலயே அந்த அறிவு கிடந்திருக்கு, அது எங்கட பிள்ளையளுக்குக் கைமாறி வரேல்ல எண்டதுதான் எனக்குக் கவலை.

போஸ்டர் பற்றியும் சொல்லோணும். படமாப் போட்ட அறிவிப்பைத் திருத்த ஏலாது, அனுப்பினா அனுப்பினதுதான், குரூப்புக்குக் குரூப் போய்க்கொண்டே இருக்கும். திங்கள் புதுப் போஸ்டர் போட்டாப் பிறகும் பழைய போஸ்டர் நவம்பர் நடுவில கூட ஆரோ ஒராள் பார்வேர்ட் பண்ணினபடி. அதிலயும் சிலதில "இன்று இரவு" எண்டு மட்டும் இருக்கு, திகதி இல்ல. இண்டைக்கு எண்டது எண்டைக்கு? சிட்னியில இருக்கிற ஆளுக்கு எங்கட ஞாயிறு இரவு எட்டரை எண்டது ஒக்டோபரில திங்கள் விடியப்புறம் 2 மணி. அவருக்கு "ஞாயிறு" எண்டு போட்ட போஸ்டரே பிழை, கிழமையே மாறிடும். அவுஸ்திரேலியாவில சிட்னி, மெல்பேர்ண் பக்கம் கோடைநேரம் ஒக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு முடியும், குயின்ஸ்லாந்து மாத்திறதே இல்ல, அதால "அவுஸ்திரேலியா நேரம்" எண்டு ஒரே வரியில போடவும் ஏலாது.

என்ன செய்தம் எண்டு இனிச் சொல்லுறன். எல்லாத்துக்கும் அடித்தளம், திருகோணமலை நேரத்தை அசைக்கிறேல்ல எண்ட முடிவு. குழுவில ஒராள், லண்டன் ஆக்களுக்கு எப்பவும் 4 மணியாவே இருக்கட்டும், நாங்க குளிர்காலத்தில ஒன்பதரைக்குத் தொடங்குவம் எண்டு சொன்னார். நான் சம்மதிக்கேல்ல. லண்டனுக்கு ஏத்த மாதிரி மாத்தினா ரொறன்ரோவுக்கு ஒரு கிழமை பிழைக்கும், ரெண்டுக்கும் ஏத்த மாதிரி மாத்தவே ஏலாது, அதோட இங்க ஊரில கேக்கிற ஆக்களும் இருக்கிறாங்க, கிண்ணியாவில இருந்து பஸ்ஸில வந்து நிகழ்ச்சி செய்யிற பிள்ளையும் இருக்கிறா, அவ இரவு பதினொரு மணிக்கு எப்படித் திரும்பிப் போறது? வருசம் முழுக்க மாறாத மணிக்கூடு எங்கட மணிக்கூடுதான், அதை நங்கூரமா வச்சு மற்றதுகள அதில கட்டுறதுதான் முறை. கடைசியில எல்லாரும் அதுக்கு ஒத்துக்கொண்டாங்க.

வெப்சைட்டில நிகழ்ச்சி நேரத்தை எழுத்தா அடிக்கிறத விட்டிட்டு, யுடிசியில ஒருக்காப் பதிஞ்சு வச்சு, பாக்கிற ஆள்ட போனோ கொம்பியூட்டரோ அந்த ஆள்ட ஊர் நேரத்துக்குத் தானாவே மாத்திக் காட்டுற மாதிரிச் செய்தாச்சு. இது பெரிய வேலை இல்ல, எல்லா பிரவுசருக்கும் அந்தக் கணக்குத் தெரியும். போஸ்டரில இனித் திருகோணமலை நேரமும் திகதியும் மட்டும் பெரிசா, கீழ லிங்க். மற்ற ஊர் நேரம் தேவை எண்டா அந்தந்தக் கிழமைக்கு மட்டும் எழுத்து மெசேஜா, எந்தத் திகதி வரைக்கும் செல்லும் எண்டு எழுதி. இது கொஞ்சம் தொந்தரவு எண்டு போஸ்டர் செய்யிற தம்பி முறுமுறுத்தவர், ஆனா செய்யிறார்.

எனக்கு மிகவும் பிடிச்சது மூண்டாவது மாற்றம். நேரத்தைச் சொல்லாம தூரத்தைச் சொல்லுறது. ஓட்டோ பிளேலிஸ்ட் போகேக்க பாட்டுக்கு இடையில, நிகழ்ச்சிக்கு ஒரு மணித்தியாலம் இருக்கேக்க, அரை மணித்தியாலம் இருக்கேக்க, பத்து நிமிசம் இருக்கேக்க அந்த அறிவிப்பாளர்ட குரலிலயே "இப்போதிலிருந்து இன்னும் ஒரு மணித்தியாலத்தில் உங்கள் விருப்பப் பாடல்களோடு வருகிறேன்" எண்டு பதிஞ்சு வச்ச குரல் போகும். எந்த ஊர்ல இருந்து கேட்டாலும் ஒரு மணித்தியாலம் ஒரு மணித்தியாலம்தானே. அண்டைக்குப் புதன்கிழமை 9.30க்கு வந்த அம்மாமார் இந்த ஒரு வரியக் கேட்டிருந்தா கறியை இறக்கி வச்சிட்டுத் திரும்பி வந்திருப்பாங்க. குரல் முக்கியம், கொம்பியூட்டர் குரல் வேண்டாம் எண்டு நான் விடாப்பிடியாச் சொன்னன், ஏனெண்டா தெரிஞ்ச குரல் "வாறன்" எண்டா சனம் நிக்கும்.

இதோட சேந்த இன்னொரு விசயம் ஸ்ட்ரீம் பிந்துறது. இணைய வானொலி எஃப்எம் மாதிரி உடன போறேல்ல, சேர்வரிலயும் போனிலயும் பஃபர், அதாவது சத்தத்தைக் கொஞ்சம் சேத்து வச்சு விடுற ஏற்பாடு இருக்கிறதால பத்து செக்கனில இருந்து அரை நிமிசம், சில நேரம் அதுக்கு மேலயும் பிந்தும், ஆளுக்காள் வேறுபடும். அதால "முதல்ல கோல் எடுக்கிறவருக்குப் பரிசு" எண்ட போட்டி நியாயமில்ல, பஃபர் குறைஞ்ச ஆள்தான் எப்பவும் வெல்லுவார். நேயர் கோலில வரேக்க பக்கத்தில ஸ்ட்ரீமையும் போட்டு வச்சிருந்தா தன்ர குரலே பிந்தித் திரும்பி வந்து ஆள் தடுமாறிப்போவார், இதை ஒவ்வொரு கிழமையும் கேக்கிறம். அதால போட்டியை இனி வட்ஸ்அப் வொய்ஸ் மெசேஜில வச்சு, அடுத்த நிகழ்ச்சி வரைக்கும் நேரம் குடுத்து, வந்ததுகள்ல குலுக்கி எடுக்கிறாங்க.

டேட்டாவும் அறிவிப்பில வரோணும் எண்டது என்ர எண்ணம். 128 கேபிபிஎஸ் ஸ்ட்ரீம் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 58 எம்பி தின்னும், 64 எண்டா 29. ஊரில ரீலோட் போட்டுக் கேக்கிற பிள்ளைக்கு அந்த வித்தியாசம் பெரிசு. ரெண்டு லிங்கையும் குடுத்து, இது வைஃபைக்கு, இது போன் டேட்டாவுக்கு எண்டு எழுதினாப் போதும்.

ஐயாட மகனுக்கு என்ன செய்தது எண்டு கேப்பீங்க. திங்கள் பகல் 1.30க்கு மறு ஒலிபரப்பு வழமையா இருக்கு, அது சிட்னிக்கு இரவு 7 மணி, அங்க சாப்பாட்டு நேரம், நல்லாக் கேட்டிருக்கிறாங்க. ஆனா சுவிஸுக்கு அது காலமை 9 மணி, மனுசன் வேலையில. சினிமாப் பாட்டு நிகழ்ச்சி எண்டா பதிவை நினைச்ச மாதிரி எடுத்து வெப்சைட்டில போட ஏலாது, உரிமைச் சிக்கல் இருக்கு. இது தாங்களே பதிஞ்சது, ஆனாலும் பாடின ஆக்களுக்கு உரிமை இருக்கு, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலயும் பாடுறவர், ஆடுறவருக்கு உரிமை எண்டு இருக்கு. அதால சும்மா போடாம, அந்தப் பொடியள் திரும்பவும் கடற்கரைக்குப் போய் ஐயாட்டையும் இழுத்த ஆக்கள்ட்டையும் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் பதிவைப் போட்டாங்க. மகனுக்கு லிங்க் போச்சு, கேட்டவர், நன்றி எண்டும் எழுதினவர். ஆனா அவர் எழுதினதில ஒரு வரி: அப்பா பாடுற அதே நேரம் கேக்கோணும் எண்டுதான் ஆசை. அதுக்காக ஐயாவ இன்னொருக்காக் கூப்பிட்டிருக்கு, தையில, பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, இரவு 8.30, சுவிஸுக்குப் பின்னேரம் 4 மணி.

அதுக்குப் பிறகு வரப்போற நிகழ்ச்சிகள்ல பெரிசு சிவராத்திரி. இரவு முழுக்க, நாலு சாமத்துக்கும் பண்ணிசை, பக்திப் பாட்டு, இடையில கோணேசர் கோயில் பழைய கதைகள் சொல்லுற ஆக்கள். இதில இன்னொரு கேள்வி வந்திருக்கு, எங்களுக்கு இரவா இருக்கேக்க ரொறன்ரோவில பகல், அங்க அவங்க கண்விழிக்கிறது அவங்கட இரவில. அதால எங்கட நாலு சாமத்தையும் பதிஞ்சு, அவங்கட இரவுக்கு ஒருக்காத் திரும்பப் போடுறது எண்டு முடிவு. அதை "மறு ஒலிபரப்பு" எண்டு அறிவிக்காம, கனடா நேயர்களுக்கான சிவராத்திரி எண்டே அறிவிக்கச் சொல்லியிருக்கிறன், அவங்களுக்கு அதுதான் முதல் தரம்.

மார்ச்சில திரும்ப மணிக்கூடு மாறும், இந்த முறை ஒழுங்கு தலைகீழ். அமெரிக்காவும் கனடாவும் மார்ச் ரெண்டாவது ஞாயிறே முன்னுக்கு வச்சிடும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும் வைக்காது, அதால இடைவெளி ஒரு கிழமை இல்ல, ரெண்டு கிழமை, சில வருசம் மூண்டு. அந்த இடைவெளியில ஞாயிறு நிகழ்ச்சி ரொறன்ரோவுக்குப் பகல் 11, லண்டனுக்கு 3, சுவிஸுக்கு 4, அது முடிஞ்சா லண்டன் 4, சுவிஸ் 5. பிறகு ஏப்ரல் முதல் ஞாயிறு சிட்னி ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகும். இந்த மூண்டு திகதியையும், ஒக்டோபர் நவம்பர்த் திகதிகளையும் பெரிய எழுத்தில அடிச்சு ஸ்ரூடியோ மிக்ஸருக்கு மேல சுவரில ஒட்டியாச்சு.

முடிவாகாம இருக்கிறது சனிக்கிழமைச் சிறுவர் நிகழ்ச்சி மட்டும். இப்ப காலமை 10 மணிக்குப் போகுது, அது லண்டனுக்கு விடியப்புறம் நாலரை, ரொறன்ரோவுக்கு வெள்ளி நடு இரவுக்குக் கிட்ட, ஒரு பிள்ளையும் கேக்காது. பின்னேரம் 6.30க்கு மாத்தினா லண்டன் பகல் 1, ரொறன்ரோ காலமை 8, நல்ல நேரம், ஆனா இங்க எங்கட பிள்ளையள் அந்த நேரம் ரியூசனில நிக்குதுகள். நிகழ்ச்சி செய்யிற அக்கா, பங்குபற்றுற பிள்ளையள்ட தாய்மாரோட கதைச்சிட்டுச் சொல்லுறன் எண்டிருக்கிறா.